தமக்கென ஒரு நாழிகை

நாளொன்றுக்கு நாழிகை 60. நாழிகை ஒன்றுக்கு நிமிடம் 24. மணிக்கூடு வீடுகளிற் புகுமுன் எம் முன்னோர் பொழுதை அளந்த கணக்கு இது. இன்று பஞ்சாங்கத்திலும் சாதகக் குறிப்பிலும் அன்றி வேறெங்கும் நாழிகையைக் காண்பது அரிது. எனினும், அளவு என்ற வகையில் அது மிக வசதியானது என்பது எமது எண்ணம். மணித்தியாலம் ஒன்றைத் தமக்கென ஒதுக்குமாறு எவரையேனும் கேட்டுப் பாருங்கள், திகைப்பர். நாழிகை ஒன்று கேட்டால் மறுப்பதற்குச் சிறிது நாணுவர். அறுபதில் ஒரு பங்குதானே!

இதனை எழுதத் தூண்டியது வடமராட்சியிலிருந்து எமக்கு வந்த கடிதம் ஒன்று. எழுதியவர் மூன்று பிள்ளைகளின் தாய். பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டிருக்கிறார், கேளாவிடினும் வெளியிடோம். காலை நாலு மணிக்கு எழுகிறார். மூத்த மகன் சாதாரண தரப் பரீட்சைக்கும், கடைக்குட்டி ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கும் ஆயத்தஞ் செய்கின்றனர். கணவர் கந்தோரால் வீடு திரும்ப மாலை ஆறு மணியாகும். மாமியார் படுக்கையில் இருக்கிறார். இவ்வளவையும் முறைப்பாடாக அன்றி நாட்குறிப்புப் போலவே எழுதிச் செல்லும் அத்தாய், ஈற்றில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். மணமாகி வரும்போது தாம் கொண்டுவந்த தையற் பெட்டியில் இப்பொழுது பிள்ளைகளின் மருந்துப் போத்தல்கள் இருக்கின்றனவாம். துணியிற் பூவேலை செய்வதில் ஒரு காலத்தில் அவருக்குப் பெருவிருப்பம். "ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு இருந்தால், இவ்வளவு வேலை கிடக்க இதென்ன வேலை என்று எனக்கே மனம் குறுகுறுக்கிறது. எனக்கென்று நேரங் கேட்பது தன்னலமா?" என்பதே அவர் வினா.

இவ்வினா அவர் ஒருவருக்கு மட்டும் உரியதாகத் தோன்றவில்லை. தாய் என்பவள் கடைசியாக உண்பவள், கடைசியாக உறங்குபவள் என்று போற்றுவது எமது சமூகத்தின் வழக்கம். அப்புகழ்ச்சியில் மெய்யான நன்றியும் உண்டு. முதலில் உண்டு முதலில் உறங்குவோர்க்கு அது மிகவும் வாய்ப்பான புகழ்ச்சி என்பதும் உண்மையே. இந்த ஞாயிற்றுப் பக்கத்தைக் காலையிலேயே விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருந்து வாசிப்பவர் யார், அடுக்களை வேலை முடிந்த பின்னர், தாள்கள் கசங்கி இடம்மாறிக் கிடக்கும்போது எடுத்து வாசிப்பவர் யார் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் தம்முள் எண்ணிப் பார்க்கலாம். பிறர்க்குரியதைத் தான் எடுத்துக்கொள்வதையே தன்னலம் என்கிறோம். அறுபது நாழிகையில் ஐம்பத்தொன்பதைப் பிறர்க்கு ஈந்து ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்வது எந்த நூலின்படி தன்னலமாகும்?

தம்மைத் தாம் பேணுதல் மேனாட்டார் அண்மையிற் கண்டுபிடித்த ஒன்று என எண்ணுவோர் உளர். வாசனைச் சவர்க்காரமும் முகப்பூச்சும் விற்போர் அதனைத் தம் விளம்பரச் சொல்லாகவும் ஆக்கிவிட்டனர். எண்ணெய் முழுக்கை ஒருகால் நினைத்துப் பாருங்கள். ஆடவர்க்குப் புதனும் சனியும், மகளிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் எனப் பெரியோர் வகுத்திருந்தனர். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, அது ஊறும்வரை சும்மா இருந்து, அரப்பும் சீயக்காயும் இட்டுக் கிணற்றடியில் ஆறுதலாக முழுகுவர். அன்று கடும் வெயிலில் அலைதல் ஆகாது. பகலில் உறங்குதல் ஆகாது. உணவும் எளிதிற் செரிப்பதாக இருத்தல் வேண்டும். இதன் மருத்துவப் பயனை வைத்தியர்கள் ஆராய்க. நாம் கவனிப்பது வேறொன்று. "நேரம் கிடைத்தாற் செய்க" என்று முன்னோர் இதனை விட்டுவிடவில்லை, நாட் குறித்தனர். நாட் குறித்தமையால் அது கடமைகளுள் ஒன்றாயிற்று. கடமையானமையால் அதற்காக எவரும் மனம் குறுகுறுக்கவில்லை. மாமியாரிடம் உத்தரவு கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. மிஞ்சிய நேரத்திற் செய்வோம் என்று ஒத்திவைக்கப்படுவது எதுவோ அது நடைபெறுவதில்லை. வேலை உள்ள வீட்டில் நேரம் மிஞ்சுவதில்லை அல்லவா?

சம்பளத்துக்கு உழைப்போர் இவ்வுண்மையை நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டுகொண்டனர். 1817 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் றொபேட் ஓவன் என்பார், நாளின் 24 மணித்தியாலங்களை உழைப்புக்கும் உவகைக்கும் ஓய்வுக்குமென மூன்று எட்டுக்களாகப் பகுத்தல் வேண்டும் என வாதாடினார். எமது நாட்டில் 1954 ஆம் ஆண்டிற் பிறந்த கடை, காரியாலய ஊழியர் சட்டம், நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வேலைக்கு எல்லை வகுத்து, வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் அளித்தது. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களே வாராந்த விடுமுறையாய் இருந்தமையை முதியோர் நினைவுகூர்வர். சந்திரனைப் பார்த்து விடுமுறை கொண்டாடிய அக்காலத்திலும் விடுமுறை என்ற ஒன்று இருக்கத்தான் செய்தது. அடுக்களைக்கோ ஞாயிறும் இல்லை, போயாவும் இல்லை. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017 ஆம் ஆண்டில் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வு, கூலியற்ற வீட்டு வேலையிலும் பராமரிப்பிலும் பெண்கள் செலவிடும் நேரம் ஆண்கள் செலவிடுவதிலும் மிகப் பெரிது எனக் காட்டிற்று. இதனை அறிய ஆய்வும் வேண்டுமோ என்பீர்கள். வேண்டாந்தான்; ஆயினும் அரசாங்க ஏட்டில் ஏறியது நல்லதே.

இனி, கிடைத்த நாழிகையை என்ன செய்வது என்ற வினா எழும். 'பொழுதுபோக்கு' என்ற சொல் எமக்கு அவ்வளவு உவப்பானதன்று. பொழுது மிகுதியாக உள்ளவருக்கே அதனைப் போக்க வேண்டிய தேவை ஏற்படும். நாம் பேசுவதோ பொழுதே இல்லாதவர்களைப் பற்றி. வேறு சொல் வழக்கிற் காலூன்றாமையால் அதனையே கையாள்கிறோம்.

வின்ஸ்ரன் சேர்ச்சிலின் அரசியலைப் பாராட்டுவோர் எம்மிடையே மிகச் சிலரே. இந்திய விடுதலைக்கு அவர் காட்டிய எதிர்ப்பை எவரும் மறந்திலர். ஆயினும் இவ்விடயத்தில் அவரிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. 1915 ஆம் ஆண்டில் டார்டனெல்ஸ் படையெடுப்புத் தோல்வியுற்றமையால் அவர் கடற்படை அமைச்சுப் பதவியை இழந்தார். அப்போது வயது நாற்பது. செய்வதற்கு வேலையில்லை, மனமோ ஒரு கணமும் ஓயவில்லை. அந்நிலையில், தம் உறவினப் பெண் ஒருவர் தோட்டத்தில் இருந்து நீர்வர்ண ஓவியந் தீட்டுவதைக் கண்டு, தாமும் தூரிகையைக் கையில் எடுத்தார். அதற்கு முன் படம் வரைந்து பழக்கமில்லாத அவர், தம் வாழ்நாளில் ஐந்நூறுக்கு மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார். இவ்வனுபவத்தை ஒரு சிறு நூலாகவும் 1948 இல் வெளியிட்டார். சோர்ந்த மனத்தைச் சும்மா இருக்குமாறு பணித்தால் அது கேளாது, கவலையையே மீண்டும் மீண்டும் அரைத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்கும் கைக்கும் வேறு வேலை கொடுத்தால் மட்டுமே பிடியைத் தளர்த்தும் என்பது அந்நூலின் சாரம். அவர் செங்கல் அடுக்கி மதில் கட்டவும் பழகினார். 1928 இல் கட்டடத் தொழிலாளர் சங்கம் ஒன்றில் அங்கத்தவராகவுஞ் சேர்ந்தார்.

இதிலிருந்து நாம் கொள்ளும் முறை எளிது. பகல் முழுவதும் எந்த உறுப்பு உழைத்ததோ அதற்கு ஓய்வு தரும் தொழிலே உகந்த பொழுதுபோக்கு. கந்தோரில் ஏடுகளோடு போராடுபவர் மாலையில் மண்வெட்டியை எடுக்கட்டும். செவ்வரத்தைக்குப் பாத்தி கட்டட்டும். எம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு, நாள் முழுதும் பேசிய வாய்க்கு மௌனம் வேண்டும். மீண்டும் ஒரு கூட்டத்திற் பேசப் போவது ஓய்வாகாது. (இதனை எமது நண்பர்கள் சிலர் ஒப்புக்கொள்ளார்.) நாள் முழுதும் கால்கடுக்க நின்று, கை ஈரமாகவே இருக்கும் இல்லத்தரசிக்கு, இருந்த இடத்தில் ஒரு நூலை வாசிப்பதும், பாடுவதும், உலர்ந்த கையாற் பூவேலை செய்வதும் இனிய மாற்றமாகும். பனையோலையை வார்ந்து சாயமிட்டுக் குட்டானும் பெட்டியும் இழைத்த எமது பாட்டிமார், பேச்சும் சிரிப்புமாக அதனைச் செய்தனர். பயனுள்ள பொருளாயினும் அவ்வேளை அவர்களுக்குச் சுமையாக இருக்கவில்லை.

தமக்குரிய நாழிகையை முற்றாகக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் சாள்ஸ் டார்வினிலும் நேர்மையான சாட்சி வேறில்லை. உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது பெருநூல் 1859 இல் வெளிவந்தது. 1876 ஆம் ஆண்டில், 67 வயதில், தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அறியும்பொருட்டுத் தம் வரலாற்றை எழுதினார். முப்பது வயதுவரை மில்ற்றன், வேட்ஸ்வேத், சேக்ஸ்பியர் முதலியோரின் கவிதையில் தாம் திளைத்ததையும், இப்போது கவிதையின் ஓர் அடியையும் தம்மாற் சகிக்க இயலாதிருப்பதையும், இசையிலும் ஓவியத்திலும் இருந்த சுவை பெரும்பாலும் அற்றுப்போனதையும் அதிற் குறித்துள்ளார். தம் மனம் செய்திகளை அரைத்து விதிகளைப் பிழிந்தெடுக்கும் பொறியாக மாறிவிட்டதாக வருந்துகிறார். மீண்டும் வாழக் கிடைத்தால் வாரத்துக்கு ஒரு முறையேனும் சிறிது கவிதை படித்துச் சிறிது இசை கேட்பதை விதியாகக் கொள்வாராம். இவ்வாறு எழுதியவர் பெரு வெற்றி பெற்ற அறிஞர் என்பதையும், உலகம் முழுதும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் மறத்தலாகாது.

ஆனால் டார்வின் முற்றிலும் இயந்திரமாகிவிடவில்லை என்பதற்கும் அதே ஆண்டிற் சான்று உண்டு. வீட்டை அடுத்த மணற்பாதையில் நாள்தோறும் உலாவி வருவார். மனைவி எம்மா உரக்க வாசிக்கும் நாவல்களைப் படுத்திருந்து கேட்பார். முடிவு துன்பமாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. இரவில் இருவரும் 'பக்கமன்' என்னும் காய் விளையாட்டு ஆடுவர். 1876 சனவரியில் அமெரிக்க நண்பர் ஏசா கிறே என்பாருக்கு எழுதிய கடிதத்தில், மனைவி வென்றவை 2,490 ஆட்டங்கள், தாம் வென்றவை 2,795 என்று குழந்தையைப் போல ஆர்ப்பரிக்கிறார். நோயுற்ற உடம்போடு நெடுங்காலம் உழைத்த அவருக்கு அந்த இரவு ஆட்டம் என்ன செய்தது என்பதை அவ்வெண்கள் சொல்லும். கணவனும் மனைவியும் அருகருகே இருந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்கள்! எமது வீடுகளில் தாயக்கட்டையும் பல்லாங்குழியும் எந்தப் பரணிற் கிடக்கின்றன?

இதனை நாம் குறிப்பாக மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் சொல்ல விரும்புகிறோம். 'எனது பொழுதுபோக்கு' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதுமாறு ஒருமுறை எமது வகுப்பினரைப் பணித்தோம். ஏறத்தாழ எல்லோரும் முத்திரை சேகரித்தல் பற்றியே எழுதியிருந்தனர். 1840 இல் இங்கிலாந்தில் முதல் முத்திரை வெளிவந்ததும், 1857 இல் இலங்கையின் முதல் முத்திரை வெளிவந்ததும் பிழையின்றி இருந்தன. முத்திரை ஏட்டைக் கொண்டுவந்து காட்டுமாறு கேட்டபோது வகுப்பில் ஒருவரிடமும் ஏடு இல்லை. கட்டுரைக் கையேட்டில் அத்தலைப்பின் கீழ் முத்திரை சேகரித்தலே இருந்ததாம்! சிரித்துவிட்டோம், ஆனால் அது சிரித்து விடக்கூடிய செய்தியன்று. பாடசாலை விட்டதும் ரியூசன், ஒரு ரியூசன் விட்டதும் மற்றொன்று, சனியும் ஞாயிறும் காலை தொடங்கி மாலை வரை என்று ஓடும் பிள்ளைக்குப் பொழுதுபோக்கும் மனனஞ் செய்ய வேண்டிய ஒரு பாடமாகிவிட்டது. வயலினும் நடனமும் பயில அனுப்புகிறோமே என்பர் சிலர். அனுப்புகிறீர்கள், அங்கும் பரீட்சை உண்டு, சான்றிதழ் உண்டு. சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள் வயலின் உறையிலிட்டு மூடப்பட்டால், பிள்ளை கற்றது இசையா, இன்னொரு பாடமா?

ஓய்வும் விளையாட்டும் பிள்ளைக்கு நாம் மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை என்ற எண்ணமும் திருத்தப்பட வேண்டியது. ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் நிறைவேற்றி, இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை, ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமையாகவே கூறுகிறது.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் பட்டம் ஏற்றும் இளைஞரைக் கண்டவர்க்கு, கையேட்டிற் படிக்காத பொழுதுபோக்கு எத்தகையது என்பது விளங்கும். மூங்கிலைச் சீவி, இரு பக்கமும் நிறை ஒத்திருக்கிறதா என விரலில் நிறுத்திப் பார்ப்பர். தாள் ஒட்டிக் காயவிடுவர். முச்சை கட்டுவதிலேயே கைத்திறன் முழுதும் இருக்கிறது. அது சிறிது பிசகினால், காற்றுப் பட்டத்தைத் தாக்கும் கோணம் மாறி அது சுழன்று விழும். வால் குறுகினால் நிலைகொள்ளாது. விண் பூட்டினால் வானத்திலிருந்து அது கூவுவது ஊரெங்கும் கேட்கும். இழுத்துக் கட்டிய நார் காற்றில் அதிர்வதால் ஒலி பிறக்கும் என்பதைப் பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் எழுதுமுன் அப்பிள்ளைகளின் விரல்கள் அறிந்துவிடுகின்றன. அதற்காகவே பட்டம் ஏற்றுக என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொன்னால் அதற்கும் ஒரு ரியூசன் தொடங்கிவிடுவர்!

கைத்தொலைபேசி பற்றிச் சில சொற்கள். களைத்து வந்து அதனை எடுத்தால் ஒரு நாழிகை போவது தெரியாது, இரண்டும் போய்விடும். பின்பு எழும்போது ஓய்ந்த உணர்வு உண்டாகிறதா என்பதை அவரவரே சோதித்துக்கொள்க. அதிற் பாட்டுக் கேட்பதற்கும் நூல் வாசிப்பதற்கும் நாம் பகையல்லோம். எதைப் பார்ப்பது என்பதைத் தாமே முடிவு செய்து எடுத்தால் அது தமக்குரிய நாழிகை. விரல் தள்ளத் தள்ள எவரோ காட்டியதைப் பார்த்தால் அது பிறர்க்குக் கொடுத்த நாழிகை.

நடப்பதையே பொழுதுபோக்காகக் கொள்வோர்க்கு ஒரு கணக்கு. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் நடுத்தர வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல். நாளுக்கு ஒரு நாழிகை விரைந்து நடந்தால் வாரத்துக்கு 168 நிமிடம் ஆகும். 18 நிமிடம் மிச்சம். முதியோர்க்கும் ஒரு செய்தி உண்டு. 16 நாடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 93,000 க்கு மேற்பட்டோரைப் பற்றி 2023 இல் வெளியான ஓர் ஆய்வு, பொழுதுபோக்கு உடையோரிடம் மனச்சோர்வு குறைந்தும் வாழ்விற் திருப்தி கூடியும் காணப்பட்டதாகக் கூறுகிறது. இளைப்பாறிய பின் பார்த்துக்கொள்வோம் என்று நாற்பதில் ஒத்திவைப்பவர், அறுபதில் எதனைக் கையில் எடுப்பது என்று அறியாது திண்டாடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

வடமராட்சிச் சகோதரியாருக்கு நாம் எழுதக்கூடியது இவ்வளவே. நேரம் மிஞ்சும் என்று காத்திராதீர்கள். வீட்டார் எல்லோரையும் இருத்தி, உங்கள் நாழிகை எது என்பதை அறிவித்துவிடுங்கள். இரவு ஏழரை என்றால் ஏழரை. அந்த 24 நிமிடமும் மாமியாரின் அருகில் மூத்த மகன் இருக்கட்டும். பேரனோடு பேச அவருக்கும் ஒரு வேளை கிடைக்கும். கடைக்குட்டியின் பாடத்தைத் தகப்பனார் பார்க்கட்டும். தேநீர் வேண்டுவோர் தாமே போட்டுக்கொள்ளட்டும்; சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது என்பதை ஆடவரும் ஒருநாள் அறியத்தான் வேண்டும். முதல் வாரத்தில் நாலைந்து முறை "அம்மா" என்று அழைப்பார்கள். எழுந்து போகாதீர்கள். மருந்துப் போத்தல்களைப் பிள்ளைகளுக்கு எட்டாத வேறோர் இடத்தில் வைத்துவிட்டுத் தையற் பெட்டியை முதலில் மீட்டெடுங்கள். உங்கள் கணவருக்கு இப்பகுதியைக் காட்டலாம். அவருக்கும் ஒரு நாழிகை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை.

முச்சை கட்டும் முறையைப் படத்துடன் விளக்குமாறு இரு மாணவர்கள் எழுதியிருந்தனர். இவ்வாரம் இடம் போதவில்லை. வாடைக்காற்றுத் தொடங்குமுன் எழுதுவோம். அதுவரை மூங்கிலைச் சீவி வைத்திருங்கள்.